டர்போவைக் கழற்றும் முன்: காற்று வரும் வழியைச் சோதித்தல்

"ஆசானே, வண்டிக்கு வலி இல்ல."

பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை பக்கத்து வொர்க்‌ஷாப்புகளில் இந்தப் புகார் காதில் விழாத நாள் குறைவு. மதுரைக்காரர் கேட்டால், வலி இல்லையென்றால் நல்லதுதானே என்பார். எல்லையோரத் தமிழில் இது மலையாளத்து 'வலி'. இழுவை என்று பொருள். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, வண்டி நகர யோசிக்கிறது. ஏற்றத்தில் மூன்றாவது கியர் தாங்கவில்லை. பின்னால் கரும்புகை.

இந்தப் புகாருக்கு அவசரப்பட்டு வரும் பதில் "டர்போ போச்சு" என்பதுதான். டர்போ விலை அதிகமான பாகம். மாற்றிய பிறகும் வலி வராவிட்டால் கொடுத்த பணம் திரும்பாது. பொழியூரிலிருந்து மீன் ஏற்றும் ஒரு பிக்கப்புக்கு அப்படி டர்போ மாற்றப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். உண்மையான குற்றவாளி, ஹோஸ் கிளிப்புக்கு அடியில் மறைந்திருந்த ஒரு விரல் நீளக் கிழிசல்.

எனவே இந்த அத்தியாயத்துக்கு இரண்டே விதி.

1. டர்போ கடைசிச் சந்தேகம். அதற்கு முன்னும் பின்னும் காற்று போகும் வழி முழுவதையும் முதலில் பாருங்கள்.
2. டர்போதான் செத்தது என்று உறுதியானால், அதைக் கொன்றது எது என்று தெரியாமல் புதியதைப் பூட்டாதீர்கள். அதே காரணம் புதியதையும் கொல்லும்.

## உங்கள் வண்டியில் டர்போ இருக்கிறதா?

சிரிக்காதீர்கள், இதிலேயே தவறியவர்கள் உண்டு. 2005இல் வந்த முதல் டாடா ஏஸில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். அதில் டர்போ கிடையாது. டீசல் ஆட்டோக்களிலும் கிடையாது. அசோக் லேலண்ட் தோஸ்த், பொலேரோ பிக்கப், டீசல் ஸ்விஃப்ட் ஆகியவற்றில் உண்டு. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஓடும் எந்த டீசல் ஸ்விஃப்டும் அதற்கு முந்தையது. அதன் ரப்பர் ஹோஸ்களை யாரும் மாற்றியிருக்காவிட்டால் அவற்றுக்கும் அதே வயது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டர்போ இல்லாத வண்டியாக இருந்தால், கீழே வரும் ஏர் ஃபில்டர், ஹோஸ் சோதனைகளை மட்டும் செய்தால் போதும்.

## தெரிந்திருக்க வேண்டிய அளவு தத்துவம்

காற்று போகும் வரிசை இது: மூக்குக் குழாய், ஏர் ஃபில்டர், (பல வண்டிகளில்) காற்றை அளக்கும் மாஃப் சென்சார், உறிஞ்சும் ஹோஸ், டர்போவின் கம்ப்ரசர், அழுத்தக் குழாய், இன்டர்கூலர், மீண்டும் அழுத்தக் குழாய், இன்டேக் மேனிஃபோல்டு, என்ஜின். எரிந்த புகை வெளியே போகும்போது டர்போவின் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியே கம்ப்ரசரை ஓட்டுகிறது. வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். அந்தத் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. ஆயில் நின்றால் அதன் ஆயுளும் அங்கேயே நின்றது.

டர்போவுக்கு முன்னால் உள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் தூசி உள்ளே வரும். டர்போவுக்குப் பின்னால் உள்ளது அழுத்தப் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் காற்று வெளியே போகும். இதற்கு மேல் தத்துவம் தேவையில்லை.

## இந்த ஊரின் காற்று

ஒரே ஏர் ஃபில்டர் எல்லா ஊரிலும் ஒரே காலம் உழைக்காது. களியக்காவிளை வழியாக எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் தேசிய நெடுஞ்சாலை 66இல் ஓயாமல் போகின்றன. அவற்றின் பின்னால் ஓடும் வண்டி பாறைத்தூளைக் குடித்துக்கொண்டே போகிறது. உள்ளூர் மண்பாதைகளில் வெட்டுக்கல் செம்மண் பொடி. ஆண்டுக்கு இரண்டு மழை: இடவப்பாதியும் துலா மழையும். தூசி படிந்த காகித ஃபில்டர் ஈரமானால் களிமண் பூசிய மாதிரி அடைத்துக்கொள்ளும். வண்டியை ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நிறுத்துபவர்களுக்கு எலி இன்னொரு தொல்லை. மெல்லிய வேக்கம் குழாயைக் கடித்து வைக்கும். சில நாள் நிறுத்திய வண்டியின் மூக்குக் குழாயில் குளவி கூடு கட்டும்.

குறிப்பு: கம்பெனிக் கையேட்டில் ஃபில்டருக்குச் சொன்ன கிலோமீட்டர் சாதாரணச் சாலைக்கானது. குவாரிப் பாதையில் ஓடினால் அதில் பாதியிலேயே திறந்து பாருங்கள்.

## கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

- நல்ல டார்ச், சின்னக் கண்ணாடி
- ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் செட்
- வெள்ளைத் துணி (வேஸ்ட் பஞ்சு வேண்டாம், நூல் பிரியும்)
- ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர்
- அழுத்தமானி உள்ள டயர் பம்ப்
- ஓபிடி புளூடூத் அடாப்டர், அதற்கான செயலி உள்ள போன் (பிஎஸ்-4க்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் உதவாது)
- கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி
- நோட்டும் பேனாவும்

நோட்டை அலட்சியம் செய்யாதீர்கள். எதைப் பார்த்தீர்கள், என்ன இருந்தது என்று எழுதினால்தான் ஒரே இடத்தை மூன்று முறை திறக்காமல் இருப்பீர்கள்.

## பாதுகாப்பு: இதைப் படிக்காமல் பானட்டைத் திறக்காதீர்கள்

- சூடு. ஏற்றம் ஏறி வந்த டீசல் வண்டியில் டர்போவுக்குள் வரும் புகை 600 டிகிரியைத் தாண்டியிருக்கும். வண்டி நின்று ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.
- உறிஞ்சல். உறிஞ்சும் ஹோஸைக் கழற்றிவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. துணி, நட்டு, கைவிரல் எதையும் டர்போ வேறுபடுத்திப் பார்க்காது.
- புகை. மூடிய ஷெட்டில் என்ஜினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.
- அடியில் போவது. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.
- உடை. லுங்கியும் தோளில் துண்டும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. வாட்ச், மோதிரம் கழற்றி வையுங்கள்.
- வெறி ஓட்டம். டர்போவின் ஆயில் என்ஜினுக்குள் கசிந்தால், டீசல் இல்லாமலே அந்த ஆயிலை எரித்து என்ஜின் தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தால், கால் பிரேக்கை முழுக்க அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பட்டென்று விடுங்கள். என்ஜின் திணறி அணையும். வெளியே நின்றுகொண்டிருந்தால் பக்கத்தில் போகாதீர்கள். இன்டேக்கைக் கையால் மூட முயலவே கூடாது.

## முதலில் காது, கண், மூக்கு

கருவியைத் தொடும் முன் அறிகுறியைச் சரியாகப் படியுங்கள்.

வலி குறைவு, கரும்புகை. டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஃபில்டர் அடைப்பு, அழுத்தக் குழாயில் ஓட்டை, திறந்தபடி சிக்கிய இஜிஆர் வால்வு (எரிந்த புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்டேக்குக்கு விடுவது), சோம்பிய டர்போ.

வலி குறைவு, கரும்புகை இல்லை. டீசலே போதவில்லை. டீசல் ஃபில்டரைப் பாருங்கள். அல்லது செக் என்ஜின் விளக்கு எரிந்து, வண்டி தானே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் காற்றின் அளவைப் பார்த்து டீசலைக் குறைத்துவிடும். அதனால் காற்றுக் கோளாறிலும் புகை வராமல் இருக்கலாம்.

நீலப்புகை. ஆயில் எரிகிறது. டர்போ சீலாக இருக்கலாம், பிஸ்டன் ரிங்காக இருக்கலாம், ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியதாகவும் இருக்கலாம்.

வெண்புகை. எரியாத டீசல் அல்லது கூலன்ட். இந்த அத்தியாயத்தின் விஷயமல்ல. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் கவலை வேண்டாம்.

மிதித்தால் மட்டும் 'உஸ்ஸ்'. அழுத்தப் பக்கத்தில் ஓட்டை.

ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கும் ஊளை. டர்போ தண்டு ஆடுகிறது, சக்கரம் கூட்டில் உரசத் தொடங்கியிருக்கலாம். வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். மெல்லிய விசில் பல டர்போக்களுக்கு இயல்பு. முன்பு இல்லாத சத்தமே கவனிக்க வேண்டியது.

'டிக் டிக்' சத்தம், என்ஜின் பக்கத்தில் கரிப்படிவு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிகிறது. டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே ஓடிப்போகிறது.

குறிப்பு: காற்றோடு சம்பந்தமே இல்லாத இரண்டை முதலில் விலக்குங்கள். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. சமதளத்தில் நியூட்ரலில் தள்ளினால் வண்டி நகர மறுத்தால், அல்லது ஓட்டிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், பிரேக் பிடித்திருக்கிறது.

## சோதனை: எட்டுப் படிகள்

வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாதது முன்னால், செலவானது பின்னால்.

### படி 1: மூக்கிலிருந்து தொடங்குங்கள்

மூக்குக் குழாயின் வாயில் டார்ச் அடியுங்கள். சருகு, குளவிக் கூடு, பிளாஸ்டிக் உறை இருந்தால் எடுங்கள். குழாய் கழன்று என்ஜின் சூட்டுக்குள் தொங்கினால் சரியாகப் பொருத்துங்கள்.

### படி 2: ஏர் ஃபில்டர்

1. மூடியைத் திறக்கும் முன் வெளிப்புறத் தூசியைத் துடையுங்கள். இல்லையென்றால் அது நேராகச் சுத்தமான பக்கத்தில் விழும்.
2. ஃபில்டரை எடுத்து, உள்ளே டார்ச் வைத்து வெளியிலிருந்து பாருங்கள். ஒளி ஓரளவாவது ஊடுருவ வேண்டும். ஊசித்துளையாக ஒளி பீறிட்டால் காகிதம் கிழிந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள்.
3. ரப்பர் விளிம்பு முழுவதையும் விரலால் தடவுங்கள். நசுங்கல், வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.
4. முக்கியமான சோதனை இனிதான். ஃபில்டருக்கு அடுத்த, அதாவது சுத்தமான பக்கத்துக் குழாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் நிறம் ஏறினால், தூசி ஃபில்டரைத் தாண்டிப் போயிருக்கிறது. டர்போ இலைகளையும் சிலிண்டர்களையும் அது தேய்த்திருக்கும். படி 7ஐ இந்த வண்டிக்குக் கட்டாயம் செய்யுங்கள்.

தவறு: கம்ப்ரசர் காற்றை வெளிப்பக்கத்திலிருந்து அடிப்பது. தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும். ஊத வேண்டுமென்றால் உட்பக்கத்திலிருந்து வெளியே, தள்ளிப் பிடித்து, மெதுவாக. ஈரமாகி உப்பிய ஃபில்டரை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள்.

லாரியாக இருந்தால் ஏர் கிளீனர் இண்டிகேட்டரைப் பாருங்கள். சிவப்புப் பட்டை தெரிந்தால் மேலே படிக்கத் தேவையில்லை, முதலில் ஃபில்டரை மாற்றுங்கள்.

### படி 3: உறிஞ்சும் ஹோஸ்

ஃபில்டரிலிருந்து டர்போ வரை உள்ள ஹோஸைக் கையால் நெரியுங்கள். உறுதியாக இருக்க வேண்டும். பழைய ஹோஸ் நிற்கும்போது நன்றாகத் தெரியும், ஆர்பிஎம் ஏறியதும் உறிஞ்சலில் சப்பிப்போகும். எல்லாம் பூட்டிய நிலையில் ஒருவர் ஆக்சிலேட்டரை அழுத்த, நீங்கள் தள்ளி நின்று ஹோஸைப் பாருங்கள். மடிப்பு ஹோஸின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

உள்ளே லேசான ஆயில் ஈரம் இருப்பது இயல்பு. என்ஜினின் பிரீதர் குழாய் ஆயில் ஆவியை இங்கே விடுகிறது. இதைப் பார்த்து "டர்போ ஆயில் கக்குது" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். சொட்டுச் சொட்டாக வடிந்தால் மட்டுமே சந்தேகம்.

### படி 4: அழுத்தப் பக்கம்

கண் சோதனை. டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து மேனிஃபோல்டு வரை ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். ஆயில் கலந்த தூசி கருப்பாகப் படிந்த இடம் கசிவின் கையெழுத்து. ஒவ்வொரு கிளிப்பையும் தளர்த்தி அடியில் பாருங்கள். நான் மேலே சொன்ன பிக்கப்பின் கிழிசல் அங்கேதான் இருந்தது. இன்டர்கூலரின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் இடத்தை விட்டுவிடாதீர்கள்.

அழுத்தச் சோதனை. கண்ணில் படாத கசிவுக்கு இது.

1. என்ஜின் ஆறியிருக்க வேண்டும், அணைந்திருக்க வேண்டும்.
2. உறிஞ்சும் ஹோஸை டர்போவின் வாயிலிருந்து கழற்றுங்கள். அந்த வாயில் ஒரு குட்டை ரப்பர் ஹோஸைப் போட்டு, மறுமுனையைப் பிவிசி என்ட் கேப்பால் அடையுங்கள். கேப்பின் நடுவில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தியிருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் கிளிப் போட்டு இறுக்குங்கள்.
3. டயர் பம்பால் மெதுவாக ஏற்றுங்கள். 10 பிஎஸ்ஐயைத் தாண்டாதீர்கள். தாண்டினால் ஆயில் சீல்கள் பிதுங்கலாம்.
4. ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். நுரை கொப்பளிக்கும் இடம்தான் கசிவு. திறந்திருக்கும் வால்வுகள் வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கும். அதனால் முள் மெல்ல இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.
5. முடிந்ததும் வால்வு ஊசியை அழுத்திக் காற்றை முழுக்க விடுங்கள். பிறகே கேப்பைக் கழற்றுங்கள். அழுத்தத்தோடு கழற்றினால் முகத்தில் பாயும்.

தவறு: கிழிந்த அழுத்த ஹோஸில் டேப் சுற்றுவது. சூட்டிலும் ஆயிலிலும் அது நிற்காது. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர்வதற்கு மட்டும் சுற்றுங்கள்.

### படி 5: கட்டுப்படுத்தும் கம்பி

டர்போவின் பக்கத்தில் சின்ன டப்பாவும் அதிலிருந்து ஒரு கம்பியும் தெரியும். அதுதான் ஆக்சுவேட்டர். அழுத்தம் மிஞ்சாமலும் குறையாமலும் பார்ப்பது அதன் வேலை.

- வேக்கம் வகை. ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது கம்பியைக் கவனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டார்ட் ஆனதும் நகரும், அணைத்ததும் திரும்பும். நகராவிட்டால் வேக்கம் குழாயை முழு நீளமும் தடவிப் பாருங்கள். எலி கடித்ததோ, முனை தளர்ந்ததோ தெரியும். குழாய் நன்றாக இருந்தால் சோலனாய்டு, அல்லது டர்போவுக்குள் கரியில் சிக்கிய இலைகள்.
- அழுத்த வகை. டப்பாவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, மானி உள்ள கைப்பம்பால் மெல்ல அழுத்தம் கொடுங்கள். கம்பி நகர வேண்டும், அழுத்தத்தை விடாமல் பிடித்து நிற்க வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் நகர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.
- மின்சார வகை. கையால் தள்ளாதீர்கள். உள்ளே பல் சக்கரம் உடையும்.

தவறு: "வலி கூட்டுகிறேன்" என்று கம்பியின் நீளத்தைத் திருகி மாற்றுவது. சில நாள் வண்டி பறக்கும். அதற்குப் பிறகு பிஸ்டனோ டர்போவோ விலை கொடுக்கும்.

### படி 6: சென்சாரும் சாலை ஓட்டமும்

அடாப்டரைச் செருகுங்கள். செயலி காட்டும் கோளாறுக் கோடுகளை எழுதிக்கொள்ளுங்கள், உடனே அழிக்காதீர்கள். அடிக்கடி தென்படுபவை:

- பி0299: அழுத்தம் குறைவு
- பி0234: அழுத்தம் மிஞ்சியது
- பி0101: மாஃப் சென்சார் சொல்வது பொருந்தவில்லை; பி0102: அதன் சிக்னல் மிகக் குறைவு
- பி0401: இஜிஆர் ஓட்டம் போதவில்லை

கோடு தீர்ப்பல்ல, புகார் மனு. பி0299 என்றால் "டர்போவை மாற்று" என்று பொருளில்லை. கிழிந்த ஹோஸும் அதே கோட்டைத்தான் தரும்.

இப்போது மேனிஃபோல்டு அழுத்தம் என்ற எண்ணைத் திறங்கள். சாவி ஆனில், என்ஜின் ஓடாமல், கடலோரமான நம் பகுதியில் அது 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் சென்சாரே பொய் சொல்கிறது. கரி படிந்திருக்கும், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு சாலை ஓட்டம். நெடுஞ்சாலையில் அமரவிளைப் பக்கம் இதைச் செய்யாதீர்கள், பஸ்ஸும் லாரியும் இடம் தராது. வெள்ளறடைப் பக்கம் ஏறும் சாலைகளில், விடிகாலையில், ஆளில்லாத நீளம் பாருங்கள்.

1. இரண்டு பேர் போங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் எண்ணைப் பார்க்க. ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது.
2. என்ஜின் நன்றாகச் சூடாகட்டும்.
3. மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து 3000 வரை போங்கள். வேக வரம்புக்குள் இருங்கள்.
4. எண் 180 முதல் 230 வரை ஏறினால் பல டீசல் வண்டிகளுக்கு டர்போ வேலை செய்கிறது என்று பொருள். 110, 120இல் நின்றுவிட்டால் அழுத்தம் கட்டவில்லை. ஏறிவிட்டுத் திடீரென்று விழுந்தால் அழுத்தத்தில் மட்டும் திறக்கும் கிழிசலையோ ஆக்சுவேட்டரையோ சந்தேகியுங்கள்.

மாஃப் சென்சார் மேல் சந்தேகம் இருந்தால், என்ஜினை அணைத்து அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். செக் என்ஜின் விளக்கு எரியும், பரவாயில்லை. வலி கூடினால் சந்தேகம் பலமாகிறது. சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள். பட்ஸ், பிரஷ், பெட்ரோல் எதுவும் அதன் நுண்கம்பியில் படக் கூடாது.

### படி 7: இனி டர்போ

படி 2இல் துணியில் செம்மண் ஏறிய வண்டியைத் தவிர, இத்தனைக்கும் பிறகு காரணம் கிடைக்காவிட்டால்தான் இங்கே வர வேண்டும்.

1. ஆறிய என்ஜின். உறிஞ்சும் ஹோஸைக் கழற்றி டார்ச் அடியுங்கள்.
2. இலைகளின் விளிம்பைப் பாருங்கள். நெளிவோ வெட்டோ இருந்தால் உள்ளே ஏதோ போயிருக்கிறது. விளிம்பு மழுங்கி மெலிந்திருந்தால் தூசியின் வேலை.
3. நடு நட்டைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். தடங்கலின்றிச் சுழல வேண்டும். உரசல் கூடாது.
4. மேலும் கீழும் அசையுங்கள். ஆயில் படலம் இல்லாத நேரத்தில் மிகச் சிறிய ஆட்டம் தெரிவது இயல்பு. ஆட்டத்தில் இலை கூட்டைத் தொட்டால் டர்போ முடிந்தது.
5. முன்னும் பின்னும் இழுங்கள். இந்தத் திசையில் கைக்கு ஆட்டமே தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் டர்போ முடிந்தது.
6. ஹோஸைத் திரும்பப் பூட்டும் முன், கொண்டுவந்த துணிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

### படி 8: ஆயில் கசிந்தால், காரணத்தைத் தேடுங்கள்

டர்போ வழியாக ஆயில் வருவதெல்லாம் டர்போவின் குற்றம் அல்ல. ஆயில் அளவுக் கம்பியின் மார்க்குக்கு மேல் ஊற்றியிருந்தாலும், பிரீதர் அடைத்து என்ஜினுக்குள் அழுத்தம் ஏறியிருந்தாலும், டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாய் அடைத்திருந்தாலும், நல்ல சீல் வழியாகவே ஆயில் வெளியேறும். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக அதன் வாய்மேல் வையுங்கள். மூடி துள்ளிக் குதித்தால், புகை பலமாக அடித்தால், பிரீதரையும் என்ஜின் ரிங்குகளையும் பாருங்கள். டர்போவில் கை வைக்காதீர்கள்.

## டர்போ செத்தது உறுதி. கொன்றது யார்?

- ஆயில் பஞ்சம். காலம் தாண்டிய ஆயில், அடைத்த ஊட்டுக் குழாய். தண்டு நீலம் பூத்துத் தேய்ந்திருக்கும்.
- தூசி. கிழிந்த ஃபில்டர், வெடித்த உறிஞ்சும் ஹோஸ்.
- அந்நியப் பொருள். முந்தைய வேலையில் உள்ளே விழுந்த வாஷர், துணி.
- சூடு. ஏற்றம் ஏறி வந்ததும் படக்கென்று அணைக்கும் பழக்கம். உள்ளே நின்ற ஆயில் கருகிக் கரியாகும்.

புதியது பூட்டும்போது இந்த வரிசை தவறக் கூடாது:

1. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள்.
2. ஊட்டுக் குழாயையும் இறங்கு குழாயையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கரி பிடித்த ஊட்டுக் குழாயை மாற்றிவிடுவதே நல்லது.
3. பழைய டர்போவின் உடைந்த இலைத் துண்டு இன்டர்கூலரில் தங்கியிருக்கலாம். கழற்றிக் கழுவிக் காயவையுங்கள்.
4. ஆயில் மூட்டுகளில் புது கேஸ்கெட் மட்டும். சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம். பிதுங்கிய துண்டு ஆயில் வழியை அடைக்கும்.
5. பூட்டும் முன் ஊட்டுத் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றுங்கள்.
6. முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு சில நிமிடம் ஐடிலில் மட்டும் விடுங்கள். கசிவு பாருங்கள். ரேஸ் செய்யாதீர்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள், ஒரு பார்வையில்

- "ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்போம்" என்பது. டர்போ வண்டியில் ஒரு நிமிடம்கூடக் கூடாது.
- ஒரே நேரத்தில் மூன்று பாகம் மாற்றுவது. சரியானாலும் எது காரணம் என்று தெரியாது.
- ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடுவது. ஆயில் டர்போவைச் சேர அரை நிமிடமாவது கொடுங்கள். நெடுந்தூரமோ ஏற்றமோ ஓடி வந்தால் அணைக்கும் முன் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.
- கரும்புகையோடு நேராகப் புகைச் சான்று எடுக்கப் போவது. அங்கே டீசல் என்ஜினை முழுதாக மிதித்துத்தான் அளப்பார்கள். சோதனைகளை முடித்து, ஆயில் மட்டமும் பார்த்துவிட்டுப் போங்கள்.
- வெள்ளத்தில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வது. காற்று வழியில் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக்கொண்டு போய் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் மெக்கானிக் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

## எங்கே நிறுத்த வேண்டும்

வண்டிக்கு வாரண்டி இருந்தால் படி 2க்கு மேல் போகாதீர்கள். 2020க்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசலில் சைலன்சர் பக்கத்துக் கரி வடிகட்டியும் இந்தக் கோளாறில் சேர்ந்திருக்கலாம். அதை வீட்டில் திறக்க முடியாது. தண்டு ஆட்டம், வெறி ஓட்டத்தின் அறிகுறி, நிற்காத நீலப்புகை மூன்றில் ஏதாவது இருந்தால் வண்டியை ஓட்டிப் போகாமல் இழுத்துப் போங்கள்.

வொர்க்‌ஷாப்புக்குப் போகும்போது நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "ஆசானே, வலி இல்ல" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும். "ஃபில்டர் புதுசு, 10 பிஎஸ்ஐயில் ஹோஸ் கசியல, ஸ்டார்ட் பண்ணா கம்பி நகரல, மூணாம் கியர்ல 115க்கு மேல ஏறல" என்று சொல்லுங்கள். அவர் நேராக வேக்கம் குழாய்க்குப் போவார். டர்போவைக் கழற்றச் சொல்லும் பேச்சு அங்கே எழாது.